ஒரு விரல் சாய்வு

மாமா கூப்பிட்டார் என்று உச்சிவெயிலில் பூசுகிற கரணையும், சுவர் நேரா என்று பார்க்கிற தூக்குக்குண்டுமாகப் போய் நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மாமா என்றால் அக்கா புருஷன். எங்கள் மேஸ்திரி.

போன வருஷம் அவர் எழுப்பிய சுவர் ஒரு விரல் சாய்ந்திருந்தது. குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துச் சொன்னேன். "பூச்சுல மறைச்சிடலாம், மாப்ள" என்றார். நான்தான் பூசினேன். அந்தச் சுவர் என் அண்ணன் மேல் விழுந்து ஆளைக் கொன்றது.

விசாரணையில் மாமா வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து, "நேரா இருக்குன்னு இவன்தான் சொன்னான்" என்று என்னைக் காட்டினார். அதிலிருந்து அண்ணி என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் பூசியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணிகிட்ட நானே உண்மையச் சொல்லிடறேன். இந்த ஒரு வேலைய முடிச்சுக் குடு" என்றார் மாமா. ஆள் பாதியாகியிருந்தார்.

வீட்டுக்கு அடியில் ஓர் அறை தோண்டியிருந்தார். ஜன்னல் இல்லை. ஈர சிமெண்ட் வாடை மூக்கை அடைத்தது.

"யாருக்கு மாமா இது?"

"எனக்குத்தான்" என்று கிசுகிசுத்தார். "தூக்குநூலப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வர்றார். வேதத்துல தீர்க்கதரிசி பார்த்தாரே, கையில தூக்குநூலோட சுவர் மேல நின்ன ஆண்டவர், அவரேதான். மலைமேல போய் ஒளிஞ்சு பார்த்தேன். கடல்ல போய்ப் பார்த்தேன். எங்க போனாலும் அந்த நூல் தொங்குது, மாப்ள."

எனக்கே பாவமாக இருந்தது.

"உள்ள போய் அந்த மூலை நேரா இருக்கான்னு பாரு."

போனேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"மன்னிச்சிடு, மாப்ள" என்றது அவர் குரல் கதவுக்கு வெளியே. "அவருக்கு ஒரு ஆள் வேணும். பூசினது நீதானே?"

சொந்த அக்கா புருஷன். இரண்டாவது தடவை. கரணையால் கதவைக் குத்தினேன்.

இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள்.

நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அந்த மூச்சு நிற்கவில்லை.

கையிலிருந்த குண்டு அசைந்தது. நூலைத் தடவினேன். அது நேராகத் தொங்கவில்லை. கதவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

வெளியே மாமா அலறினார். "நேர்தான்! நேராத்தான் இருக்கு!"

அப்புறம் சத்தமே இல்லை. தாழ்ப்பாள் தானாக விலகியது.

மாமா படிக்கட்டில் செத்துக் கிடந்தார். ஒரு செங்கல்கூட அங்கே விழுந்திருக்கவில்லை. ஆனால் வாயிலும் கண்ணிலும் செங்கல் தூள், அண்ணனைத் தூக்கியபோது இருந்தது போலவே. அண்ணியிடம் எனக்காகப் பேச இருந்த ஒரே வாய் அது.

தூக்குக்குண்டை வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தினாலும், என் பக்கமாக ஒரு விரல் சாய்ந்து நிற்கிறது.