கோடு போடாத நாற்காலி

அவள் உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். கையிலிருந்த அட்டையும் பேனாவும் அரங்கத்துப் படிகளில் உருண்டு ஓடின. தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் முழங்கை வரை நனைந்து, எழுந்திருக்கவும் வழியில்லாமல் இரண்டு வரிசைக்கு நடுவே கிடந்தாள்.

"யாருங்க அது... அந்த வரிசையில போய் உட்கார்ந்தது?"

மேலே நான்கு வரிசை தாண்டி ஒருவன் கையில் ஸ்பேனரோடு குதித்துக் குதித்து இறங்கி வந்தான்.

"யாரா? நாற்காலியை மாட்டினது யாரு... அதை முதல்ல சொல்லுங்க!"

"நான்தான்."

"மாட்டினீங்களா? இல்ல, சும்மா எடுத்து வெச்சீங்களா?"

"சும்மாதான் வெச்சிருக்கேன். இன்னும் முறுக்கல. கோடு இல்லாத நாற்காலியில எதுக்கு உட்கார்ந்தீங்க?"

"என்ன கோடு?"

அவன் குனிந்து மேல் வரிசை நாற்காலியின் காலைக் காட்டினான். போல்ட்டின் தலையிலிருந்து இரும்புக் கால் வரை, விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. முதலில் வரிசை முழுவதையும் கையால் முறுக்கி வைப்பார்கள். பிறகு கயிறு கட்டி நேர் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் ஸ்பேனர். ஸ்பேனர் போட்ட கையோடு கோடு. பின்னால் எப்போதாவது போல்ட் இளகித் திரும்பினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"கோடு இருந்தா உட்காரலாம். இல்லாட்டி உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

"இதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுத வந்தா நான் ஏங்க இங்க முறுக்கிட்டு இருக்கேன்?"

சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து கிடக்கிறவள் சிரிக்கலாமா... உதட்டைக் கடித்துக்கொண்டாள். தூக்கிவிடக் கையை நீட்டியவன், தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரே கிரீஸ். பேண்டில் துடைத்தான். மறுபடி பார்த்தான். பிறகு கையை இழுத்துக்கொண்டு ஸ்பேனரின் மறுமுனையை நீட்டினான்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிங்க மேடம்."

பிடித்தாள். எழுந்தாள். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்... வேலை முடியாதவனின் கண்கள். தூக்கம் போதாமல் சிவந்து, ஆனாலும் எதிரில் இருப்பவரை அவசரப்படாமல் பார்க்கிற கண்கள். இதற்கு முன்பே தன்னை எங்கோ பார்த்தவன் போல ஏன் பார்க்கிறான்?

அவளுடைய வேலை வேடிக்கையானது. ஊருக்குப் புதிதாக வரும் கால்பந்து அரங்கத்தில் பன்னிரண்டாயிரம் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் உட்கார வேண்டும். சாய வேண்டும். ஆட்டிப் பார்க்க வேண்டும். எண் சரியா என்று பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். வேலையாட்கள் அவளுக்கு 'உட்கார்ற மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உட்காருவதும் ஒரு வேலையா என்று கேலி செய்தார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தால் தெரியும், முழங்கால் என்ன சொல்லும் என்று.

அன்றிலிருந்து தினமும் ஒரு நாற்காலியில் கோடு இருக்காது.

"ஏழாம் வரிசை, இருபத்திரண்டு. கோடு இல்லை!" என்று கூப்பிடுவாள்.

பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் வருவான். அவசரமே இருக்காது.

"மறந்துட்டேன் மேடம்."

"அது எப்படிங்க, தினமும் கணக்கா ஒண்ணே ஒண்ணு மறக்குறீங்க?"

"ரெண்டு மறந்தா மேஸ்திரி திட்டுவாரு."

கோடு போட ஒரு நொடி போதும். அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவள் கொண்டுவந்த தேநீரில் பாதி அவனுக்குப் போய்விடும். அவளுடைய கொட்டாவியை அவன் கிண்டல் செய்வான், அவனுடைய கிழிந்த மழைக்கோட்டை அவள் கிண்டல் செய்வாள். தூரத்திலிருந்து மேஸ்திரியின் விசில் கேட்டதும் பிரிவார்கள். எட்டாம் நாள் கடைசி வரிசை வரைக்கும் பார்த்த எல்லா நாற்காலியிலும் கோடு இருந்தது. அவள் எண்ணைக்கூடக் குறிக்காமல் கடைசி நாற்காலிக்கு ஓடினாள். அதில் மட்டும்... இல்லை. 'அடப்பாவி' என்று தனியாகச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பு இருக்காது.

வீடு என்றால் ஓர் அறை. அதற்கு ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அரங்கத்தின் நான்கு விளக்குக் கம்பங்களும் தெரியும். அதனாலேயே அப்பா அதைத் திறக்க விடமாட்டார். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். நடுவில், ஒரு கால் ஆடுகிற இரும்பு நாற்காலி. அதில் அப்பா.

அரங்கம் நிற்கிற இடத்தில் முன்பு ஒரு தெரு இருந்தது. நாற்பத்தோரு வீடுகள். பக்கத்தில் புழுதி மைதானம். அந்த மைதானத்தில் ஒரு காலத்தில் அப்பா கோல்கீப்பர். முழங்கால் போன பிறகும், லாரி ஓட்டுவதை விட்ட பிறகும், வீட்டு வாசலில் அந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு விளையாடுகிற பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருப்பார். தெருவை எடுக்கப் போகிறோம் என்று வந்தபோது நாற்பது வீட்டுக்காரர்களும் போய்விட்டார்கள். அப்பா மட்டும் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள். அவள் தையல் ஆலையிலிருந்து செய்தி கேட்டு ஓடி வந்தபோது அப்பா நாற்காலியோடு நடுரோட்டில் இருந்தார். யாரோ ஒரு பிளாஸ்டிக் தாளை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நெருங்குவதற்குள் தாளை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீடு இருந்த இடத்தில் புழுதியும் மழையும் சேர்ந்து சேறாகியிருந்தது.

"நானா ஒண்ணும் வரல. ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கிட்டு வந்து போட்டானுங்க... பொணத்தைத் தூக்குற மாதிரி" என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். தன் காலால் வெளியே வராத ஒரே ஆள் அவர். எல்லாம் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

வீடு போனவர்களுக்கு முதலில் வேலை என்றார்கள். அவளுக்குக் கிடைத்தது இந்த நான்கு மாத வேலை. அதைக் கேட்டு அப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அரங்கம் திறக்கப் பத்து நாள் இருக்கும். மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. இருவரும் கூரைக்குக் கீழ் ஒதுங்கினார்கள். காலி நாற்காலிகள் மீது மழை விழுகிற சத்தம், யாருமே இல்லாத ஊரில் யாரோ கை தட்டுவது போலிருந்தது.

"எங்க வீடு இங்கதான் இருந்துச்சு" என்றாள் திடீரென்று. "எந்த இடம்னுதான் கண்டுபிடிக்க முடியல. தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்குறேன்... இதுவா இருக்குமா, அதுவா இருக்குமான்னு..."

அவன் ஸ்பேனரைப் பேண்டில் துடைத்தான். பிறகு அதனால் கீழே காட்டினான்.

"அங்க. பதினாலாம் வரிசை, ஒன்பதாம் நாற்காலி. அதுக்கு நேர் கீழ இருக்குற தூணுக்குக் குழி எடுத்தப்ப உங்க தண்ணித் தொட்டியோட அடி வந்துச்சு. உள்பக்கம் நீலப் பெயிண்ட்."

நீலம்தான்... அப்பா அடித்த நீலம்.

"அது எங்க வீட்டுத் தொட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மழை.

"சொல்லுங்க... எப்படித் தெரியும்?"

"இடிக்கிற வேலையிலயும் நான் இருந்தேன் மேடம். உங்கப்பாவை நாற்காலியோட தூக்கின ரெண்டு பேர்ல... ஒருத்தன் நான்."

அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"பொணம் மாதிரி தூக்கினீங்களாமே..."

அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காரணம் சொல்லிவிடு... மேலே இருந்தவன் சொன்னான், வயிற்றுப்பாடு, ஏதாவது ஒன்று... சொல்லிவிடு!

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை நாள் என் டீயைக் குடிச்சீங்களா? வெட்கமா இல்ல?"

அவள் மழையிலேயே இறங்கிப் போனாள்.

மறுநாள் கேட்டு வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கப் பகுதிக்கு மாறினாள். அங்கே எல்லா நாற்காலியிலும் கோடு இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் சரியாக இருப்பது இவ்வளவு பாரமாக இருக்குமா...

வீட்டில் ஆத்திரம் தாங்காமல் அப்பாவிடம் கொட்டினாள். "உன்னைத் தூக்கினவன் அங்கதான் வேலை பார்க்குறாம்பா. நாற்காலி மாட்டுறான்."

அப்பாவின் கை, தட்டிலேயே நின்றது.

"அவன் ஏதாச்சும் சொன்னானா?"

"என்னத்தைச் சொல்லுவான்? நான்தான் தூக்கினேன்னான். அதுக்கு மேல வாயே திறக்கல."

"வாயே திறக்கலியா..." என்றார் அப்பா. தட்டைத் தள்ளி வைத்தார். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் பாதிச் சோறுதான் இறங்கியது.

திறப்பு நாள் வந்தது. ஊரெங்கும் கொடிகள், நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. சுவர்களில் யாருக்கும் பழக்கமில்லாத ஆட்டக்காரர்களின் முகங்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற வேலை இன்று அவளுக்கு. மஞ்சள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இரும்மா" என்றார் அப்பா.

நின்றாள்.

"அவனுங்க என்னைத் தூக்க வரல. வெளிய வாங்க அய்யான்னு கையெடுத்துக் கும்பிட்டான் அந்தப் பையன். சரி, போதும், போயிடலாம்னு நானும் எந்திரிச்சேன்... முழங்கால் நிக்கல. காலி பண்ணிப் போன தெருவே திரும்பி வந்து வெளிய நின்னு பார்க்குது. நான் தவழ்ந்தா வர்றது?" அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாற்காலியோட தூக்குடான்னு நான்தான் சொன்னேன். வலுக்கட்டாயமா தூக்கின மாதிரி இருக்கட்டும், யாருகிட்டயும் சொல்லாதேன்னேன். சத்தியம் வாங்கினேன். நீ வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் எனக்குப் பிளாஸ்டிக் தாள் பிடிச்சவனும் அவன்தான்."

அவள் திரும்பி வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட கூடவா சொல்லாம இருந்தான்..." என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். குரல் உடைந்திருந்தது.

மூன்று மணிக்குக் கதவு திறக்கும். அதற்குள் வேலையாட்கள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். அவர்களுக்கு இனி வேறு ஊரில் வேறு வேலை. பின்வாசலில் லாரி நிற்கிறது. கட்டினவனுக்கு அரங்கத்தில் இடம் கிடையாது... அது எங்கும் உள்ளதுதான்.

அவள் முதலில் ஓடியது பதினாலாம் வரிசைக்கு. ஒன்பதாம் நாற்காலி. குனிந்தாள்.

கோடு இல்லை.

உட்கார்ந்தாள். சாய்ந்தாள். ஆட்டினாள். மலை போல நின்றது நாற்காலி. முறுக்க வேண்டியதை முறுக்கியிருக்கிறான். கோட்டை மட்டும் விட்டிருக்கிறான். பத்து நாளாக இது இவளுக்காகக் காத்திருக்கிறது. இவள்தான் கூப்பிடவே இல்லை...

பின்வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி விசிலை வாயில் வைத்திருந்தார்.

"மேஸ்திரி அண்ணே! பதினாலுல ஒரு போல்ட்டுக்குக் கோடு இல்ல!"

"இப்பவாம்மா? கேட்டைத் திறக்கப் போறாங்க!"

"ஆள் உட்கார முடியாது அண்ணே. நான் எழுதித்தான் குடுக்கணும்."

லாரியின் மூலையிலிருந்து பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள் இறங்கினான். பேசாமல் அவள் பின்னால் நடந்து வந்தான். பதினாலாம் வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்து தூரிகையை நனைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முதல்முறை. கிரீஸ், பெயிண்ட், மழை... எல்லாம் அவள் விரலில் ஒட்டியது.

"ஏன் சொல்லல?"

அவன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தான்.

"அப்பா சொல்லிட்டாரு. எல்லாத்தையும். ஏங்க சொல்லல? நான் அவ்வளவு கேவலமா பேசினேனே..."

"வாக்குக் குடுத்துட்டேன். அவருக்கு அது ஒண்ணுதானே மிச்சம்... அதையும் நான் இடிக்கவா?"

அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. அவன் தூரிகையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு நீங்க ஓடி வந்தீங்க. ஒரு கால்ல செருப்பு இல்ல. அப்பாவைப் பார்த்ததும் அழல... அவர் காலைத்தான் முதல்ல தொட்டுப் பார்த்தீங்க. அன்னிக்கிருந்து எனக்கு வேற யாரையும் பார்க்கத் தோணல. உங்களைப் பிடிச்சிருக்குங்க. சொல்ற தகுதி எனக்கில்லைன்னுதான் கோட்டை விட்டு விட்டுக் கூப்பிட வெச்சேன்."

வெளியே கூட்டத்தின் இரைச்சல் ஏறியது. கதவுகள் திறந்தன. விசில் நீளமாக ஒலித்தது.

"எங்க நாற்காலி ஒண்ணு ரெண்டு வருஷமா ஆடுது" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தூக்கினப்ப ஒரு கால் இளகிடுச்சு. முறுக்கிக் குடுக்க அந்தப் பையனை வரச் சொல்லுன்னாரு அப்பா."

"நீங்க?"

"நான் என்ன... நானும்தான் வரச் சொல்றேன். எனக்கும்... உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

"இப்போ போற வேலை முடிய மூணு மாசம் ஆகும்."

"ரெண்டு வருஷம் ஆடினது, மூணு மாசம் ஆடாதா?"

அவன் தூரிகையை டப்பாவில் போட்டு மூடினான். கோடு போடவில்லை. படியில் இறங்கும்போது ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அதற்குள் குடைகளும் கொடிகளும் நடுவில் புகுந்துவிட்டன.

நனைந்த கொடியோடு வயதான ஒருவர் சீட்டை நீட்டினார். பதினாலு, ஒன்பது.

"உறுதியா இருக்குமாம்மா? உட்காரலாமா?"

"உட்காருங்க அய்யா" என்றாள் அவள். "எங்க வீடுதான்."