நிறைந்த தொட்டிக்குள்ளிருந்து

ஒயின் நிறைந்திருந்த மரத்தொட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

தெயோலிந்தா கூட்டுவதை நிறுத்தினாள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். டோரு ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி போர்ட்டோ நகரத்தையே மறைத்திருக்க, வெயில் எட்டாத அந்த ஒயின் கிடங்கில் ஊறிய மரமும் ஈரக்கல்லும் இனிப்பாய்ப் புளித்த திராட்சையும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுபடியும். டொக். டொக்.

மரம் ஊறும்போது முனகும். அது அவளுக்குப் பழக்கம். இது முனகல் இல்லை.

யோவான் திருநாள் கூட்டத்தில் அவள் இடுப்பைத் தொட்ட மேஸ்திரி அமாதேவுவை, அவள் அண்ணன் செஃபெரினோ எல்லார் முன்னாலும் அறைந்தான். மறுநாளிலிருந்து அண்ணனைக் காணவில்லை. இந்தத் தொட்டியை நிரப்பியதும் அந்த வாரம்தான்.

ஆளுயரத்தைப்போல் மூன்று மடங்கு இருந்த தொட்டியில் காதை வைத்தாள். "அண்ணே?"

சத்தம் நின்றது. பிறகு வெறிபிடித்ததுபோல் இடித்தது.

"அங்க என்னடி ஒட்டுக் கேக்குற?" பின்னால் மேஸ்திரி, வாயைத் துடைத்தபடி.

"உள்ள யாரோ தட்டுறாங்க மேஸ்திரி. எங்கண்ணன்தானோன்னு..."

"உங்கண்ணன் பிரான்ஸுல எவ மடியிலயாவது கெடப்பான்." சிரித்தான்.

டொக்.

அவன் சிரிப்பு அறுந்தது. தொட்டியைப் பார்த்து முணுமுணுத்தான். "அவனா இருக்காது. தட்டுறதுக்குக் கை வேணுமே."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பாய்ந்து அவள் கூந்தலைப் பற்றினான். முகத்தைத் தொட்டியில் மோதினான். மூக்கு உடைந்தது. தடவிய அவள் கையில் மரச்சுத்தியல் அகப்பட்டது. அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. விழுந்தான்.

தொட்டியின் அடியில், ஆள் நுழைந்து கழுவுகிற சின்னக் கதவு. அதன் இரும்புத் தாழை அடித்தாள். இன்னொரு அடி.

தாழ் தெறித்தது. ஒயின் சீறிப் பாய்ந்து இருவரையும் புரட்டியது.

வெள்ளம் வடிந்த திறப்பில் ஒரு தலை வந்தது. நெற்றியில் தோல் இல்லை. இடித்து இடித்து எலும்பு வெளுத்திருந்தது.

"வேணாம்டா... செஃபெரினோ..."

பற்கள் மேஸ்திரியின் தொண்டையைக் கவ்வின. கிழித்தன. அலறல் குமிழியிட்டு அடங்கியது. கால்கள் கொஞ்ச நேரம் கல்தரையை உதைத்தன.

பிறகு அந்தத் தலை அவள் பக்கம் திரும்பியது. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. மணிக்கட்டோடு முடிந்த இரண்டு கைகளும், தங்கையைத் தூக்கிக்கொள்ள நீள்வதுபோல, அவளை நோக்கி நீண்டன.