இரண்டு டேப் தூரம்

குழந்தையும் மங்கல், மெத்தையும் மங்கல், பின்னால் இருந்த சுவரும் மங்கல். மூன்று நாளாக இதே கதைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பச்சைக் கட்டம் மட்டும் தவறாமல் விழுந்தது. எதையோ தெளிவாகப் பிடித்துவிட்டதாகப் புதுப் போனின் கேமரா சாதித்தது.

தையல்காரிக்கு எரிச்சலான எரிச்சல். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் மகளின் முகத்தை இன்னும் ஒழுங்காகப் பார்த்தபாடில்லை. “பனிமூட்டத்துல பெத்தியா?” என்று கிண்டல் வேறு.

மழைக்கு இருட்டிய பிற்பகல். மகள் உள்ளறையில் தரை மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் ஒரு கையில் கேமராவோடு நின்றபடி, பழைய பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டாள் தையல்காரி. மறுமுனையில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி.

“லென்ஸைத் தொடச்சியாக்கா?”

“தொடச்சுத் தொடச்சுத் தேஞ்சே போச்சுடா.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?”

“எல்லாம் ஆச்சு.”

“சரி, புரோ மோடுக்குப் போ. கீழ ஒரு எண் ஓடும். எது தெளிவா தெரியுதோ, அது எத்தனை மீட்டர்ல இருக்குன்னு காட்டும். பாப்பா எவ்வளவு தூரம்?”

கண்ணளவை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. கழுத்தில் கிடந்த ஒன்றரை மீட்டர் டேப்பை எடுத்து வாசலிலிருந்து மெத்தைவரை வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு டேப். வாசலுக்கே திரும்பி வந்து நின்றாள்.

“மூணு மீட்டர்.”

“எண் என்ன காட்டுது?”

“ஒண்ணு.”

“நடுவுல என்ன இருக்கு?”

ஒன்றுமில்லை, வெறும் சிமெண்ட் தரை. கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணியும் மிஷின் எண்ணெயும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியிலிருந்து, பல வருஷம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல இன்னொரு வாடை மெல்ல எழுந்து வந்தது.

“ஒரு எட்டு முன்னால வைக்கா. எண் குறையணும்.”

வைத்தாள். ஒன்று.

இன்னொரு எட்டு. ஒன்று.

“குறையலடா.” அவள் முன்னால் போகப் போக, அது பின்னால் போகிறது. பிள்ளை இருக்கும் பக்கமாக.

“சென்சார் போயிருக்கும்க்கா.”

சட்டென்று வாசலுக்கே பின்வாங்கினாள். அதுவும் தன்னோடு திரும்பி வந்துவிடட்டும் என்று மனசு கெஞ்சியது.

வரவில்லை. இரண்டு.

அவள் அசையாமல் நின்றாள். 2.3. 2.7.

மகள் கண் விழித்தாள். அழவில்லை. தனக்கு நேர் மேலே பார்த்துச் சிரித்தாள்.

3.0. படம் பளிச்சென்று தெளிந்தது. மகளின் முகம், மெத்தை உறையில் இருந்த பூக்கள், எல்லாம்.

“இப்பத் தெளிவா இருக்காக்கா?” தம்பியின் குரலில் உற்சாகம்.

அவள் வாசலில் நின்றபடி எண்ணையே பார்த்தாள்.

3.2. 3.8. பின்சுவர் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

4.5.

மகள் மட்டும் துல்லியமாகத் தெரிந்தாள், ஒவ்வொரு இமைமயிரும். மூன்று மீட்டரில் அவள் படுத்திருந்த மெத்தை மங்கிப்போயிருந்தது.