பூனை மீது விழுந்த பழி

பூனைப் படம் எதையும் தின்னாது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் எங்கள் கணினியின் திரையில் ஒரு பூனைப் படம் வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால், உம்மா பிரவுசரில் சேர்த்து வைத்திருந்த தையல் வீடியோக்களின் பட்டியலைக் காணோம். பெருநாளுக்கு நான்கே நாள். எங்கள் ஊர் குளுவாங்கில் பாதிப் பேர் உம்மாவிடம்தான் பாஜு கூரோங் என்ற மலாய் உடை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடியோக்கள் இல்லாமல் உம்மாவுக்குக் கழுத்து தைக்க வராது.

"ஷப்னம்தான் செட்டிங்ஸ்ல கைய வச்சா. லினக்ஸ் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?" என்றான் அண்ணன் மாஹிர். வயது பதின்மூன்று. பள்ளிக் கணினிக் கழகத் தலைவன். வீட்டில் அவன் சொன்னதுதான் சட்டம்.

"படத்த மட்டும்தான் மாத்தினேன்," என்றேன்.

"இனிமே நீ கம்ப்யூட்டர தொடாத," என்றார் உம்மா. செய்யாத தப்புக்குத் தண்டனையா?

"சிங்க் பண்ணா நெட்டுல இருந்து எல்லாம் வந்துடும் லா," என்று மாஹிர் தன் பிரவுசர் கணக்கைத் திறந்தான். வந்தவை எல்லாம் அவனுடைய காற்பந்துப் பக்கங்கள். உம்மாவுக்குத்தான் கணக்கே கிடையாதே.

"அலமாக். அப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ திரும்பப் போடணும்," என்று பென்டிரைவை எடுத்தான்.

அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். "அழிச்சா இருக்கிறதும் போயிடும். உம்மா, சனிக்கிழமை வீடியோ பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. உன் பூனைகூட திரையில உட்கார்ந்திருந்துச்சு."

"அப்போ பூனை வந்த பிறகும் பட்டியல் இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை யாரு என்ன செஞ்சது?"

மாஹிரின் காது சிவந்தது. "பிரவுசர... நான்தான் எடுத்துட்டுப் புதுசா போட்டேன்."

பிரவுசரின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அப்படிப் போடும்போது, சில சமயம் அது சேர்த்து வைத்ததெல்லாம் இருக்கும் பழைய புரொஃபைலை விட்டுவிட்டு, காலியான புதிய ஒன்றைத் திறந்துகொள்ளுமாம். பழையது அழியாமல் அப்படியே கிடக்குமாம். புரொஃபைல் பக்கத்துக்குப் போனேன். இரண்டு இருந்தன. பழையதைத் திறந்தேன்.

அறுபத்து நான்கு வீடியோக்களும் வரிசையாக வந்து நின்றன.

உம்மா என் தலையைத் தடவினார். "விசாரிக்காம உன்ன ஏசிட்டேன்மா. மாஹிர், தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேளு."

"ஸாரி," என்றான் தரையைப் பார்த்து.

"என்கிட்ட வேணாம், அண்ணே. பூனைகிட்ட கேளுங்க."

அவன் உம்மாவைப் பார்த்தான். உம்மா ஊசியில் நூல் கோத்தபடி காத்திருந்தார். கணினிக் கழகத் தலைவன் திரையின் முன் குனிந்து, பூனையிடம் ஸாரி சொன்னான்.