பொத்தானுக்குள் ஒரு சிவப்பு விளக்கு

மழை, வேலை விடும் நேரம் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டது.

தையல் கூடத்தின் வாசல் கூரைக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒண்டி நின்றார்கள். வாட்ச்மேன் தன் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் மட்டும் நனைந்துகொண்டே ஓடி, தன் வேனில் ஏறி, கதவை அடைத்து, சாவியைத் திருகினாள்.

அவளுடைய வேன். இதைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்... அவள் அப்படித்தான் சொல்வாள். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற பெண் அவள். ஊசி ஒடிந்தாலும் மோட்டார் புகைந்தாலும் கூடத்தில் “டாக்டரைக் கூப்பிடுங்க” என்றுதான் குரல் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் இதே வாசலில் நிறுத்தியிருந்த அவள் ஸ்கூட்டரை, கருவிப் பெட்டியோடு எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதம் இரவல் ஸ்குரூடிரைவரில் வேலை பார்த்தாள். ஒருவர் முன்னாலும் கண்ணைக் கசக்கவில்லை. அதற்குப் பிறகு, முழுக்க முழுக்கத் தன் உழைப்பில் வாங்கிய பழைய வேன் இது.

டக் டக்.

ஜன்னல் கண்ணாடியை ஒரு கை தட்டியது. தலைக்கு மேல் பையைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒருவன்... மழைத் தண்ணீர் அவன் புருவத்திலிருந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவே இரண்டு கண்கள். இப்படி நனைந்தும் சிரிக்கின்றனவே, என்ன கண்கள் இவை...

இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினாள்.

“மேடம், உங்க அலாரம் லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு.” மழையை மிஞ்சிக் கத்தினான் அவன்.

“அலாரம்னா மின்னத்தான் செய்யும்.”

“வண்டி நிக்கும்போதுதாங்க மின்னும். சாவி போட்டதும் அணைஞ்சுடணும். நான் அலாரம் மாட்டற கடை வச்சிருக்கேன், அதான் பாத்ததும் தெரிஞ்சுது. இது டம்மிதானே? வெறும் லைட்டு, உள்ள ஒண்ணுமே இல்ல... சரியா?”

கண்டுபிடித்துவிட்ட பெருமை அந்தக் கண்களில் பொங்கி வழிந்தது.

கூரைக்கு அடியில் பேச்சு நின்றது. பன்னிரண்டு தலைகள் ஒன்றாகத் திரும்பின. வாட்ச்மேன் எழுந்தே விட்டார்.

அவள் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். சாரல் உள்ளே அடித்தது. அடிக்கட்டும்.

“நிஜ அலாரம் சத்தம் போட்டுக் காப்பாத்தும் சார். இது, யாரும் சத்தம் போடாத வரைக்கும்தான் காப்பாத்தும். இத்தனை நாள் எனக்கும் இந்த லைட்டுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். நாலு பேர் முன்னாடி போட்டு உடைச்சிட்டீங்க. நல்லா இருங்க.”

சிரித்த கண்கள் அப்படியே அணைந்துபோயின. வேன் கிளம்பியது. சேற்றுத் தண்ணீர் அவன் முழங்கால் வரை வாரி அடித்தது. வேண்டுமென்று இல்லை... சரி, கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

‘டம்மியாம்... உள்ளே ஒண்ணுமே இல்லையாம்.’

அடுத்த மூன்று நாளும் எந்த மெஷினைப் பிரித்தாலும் அவளுக்கு இதே முணுமுணுப்பு. அந்த விளக்கைச் செய்ய அவள் பட்ட பாடு அவனுக்கு என்ன தெரியும்? உடைந்த பொம்மை ஒன்றிலிருந்து எடுத்தது, தானாகவே மினுக்கும் சிவப்பு எல்.இ.டி. பேட்டரியின் வேகத்தில் அது கருகிவிடாமலிருக்க ஒரு ரெசிஸ்டர். டாஷ்போர்டில் சும்மா ஒட்டினால் விளையாட்டுச் சாமானாகத் தெரியுமே என்று, கோட்டுக்குத் தைக்கிற கறுப்புப் பொத்தானின் நடுவில் துளை போட்டு அதற்குள் பதித்திருந்தாள். பார்க்கிறவனுக்கு ஏதோ வெளிநாட்டு அலாரம் போலிருக்கும். அப்படித்தான் இரண்டு வருடம் வேன் பத்திரமாக இருந்தது. இப்போது விஷயம் வாய்க்கு வாய் போய், போகக்கூடாத காதுக்கும் போய்விட்டால்? இந்த முறை போனால் வேனோடு பிழைப்பும் போகும்.

அரைமணிக்கு ஒரு தரம் மாடி ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். வேன் இருந்தது. மதியம் மட்டும் அதை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைக் கார் நின்றது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் சொன்னது சரிதான் என்பதுதான் இன்னும் எரிச்சல். வண்டி ஓடும்போது மின்னக்கூடாது. நாலாவது நாள் காலை, ஒரு மணிநேரம் முன்னதாக வந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாள். ஒரு வயரில் எப்போதும் கரண்ட் இருந்தது. இன்னொன்றில் சாவி போட்டால் மட்டும். விளக்கின் ஒரு காலை இதிலும் மறு காலை அதிலும் சேர்த்தாள்... சாவியை எடுத்தாள், மின்னியது. சாவியைப் போட்டாள். இரண்டு பக்கமும் கரண்ட் சமமாகிவிட, பாய்வதற்கு வழியில்லாமல் விளக்கு தானாக அணைந்தது. 

சுவிட்ச் இல்லை. வேறு எதுவும் இல்லை. இரண்டே வயர். தனியாக உட்கார்ந்து சிரித்தாள். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்துகொள்கிற ஒரே ஆள்...

‘சீ, அவனா?’

மதியம் வெள்ளைக் கார் வந்ததும் வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா டாக்டரம்மா? அந்த அலாரத் தம்பிதான். என் வாயாலதான் வம்பு வந்துச்சு, ஜனங்க மறக்கற வரைக்கும் நான்தான் காவல்னு தினமும் வந்து இங்கயே சாப்பிடறாரு. மத்த நேரம் பாத்துக்கங்கன்னு என் நாற்காலியையும் உங்க வண்டிப் பக்கம் திருப்பி வச்சிட்டாரு.”

அவள் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினாள். டக் டக். வாயில் சாப்பாட்டோடு அவன் விழித்தான்.

“இறங்குங்க. ஒண்ணு காட்டணும்.”

காட்டினாள். சாவி உள்ளே, அணைந்தது. சாவி வெளியே, மின்னியது.

“லைட்டை அணைக்கற ரிலே எங்க போட்டீங்க?”

“போடல.”

“சுவிட்சாவது?”

“இல்ல.”

அவன் மடித்துவிட்ட சட்டைக் கையோடு அப்படியே டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்தான். பையிலிருந்த தன் டெஸ்டரை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தான். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் தூசி, கண்ணெல்லாம் வியப்பு.

“பத்து வருஷமா நான் இந்த வேலைக்கு ரிலே மாட்டிக்கிட்டு இருக்கேங்க... நீங்க ரெண்டு வயர்ல முடிச்சிட்டீங்க. டம்மின்னு சொன்ன வாயைக் கழுவணும்.”

அவளுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. இந்தத் தொழிலில் அவளை ‘பரவாயில்லையே’ என்றவர்கள் உண்டு. ‘பொண்ணா இருந்தும்’ என்றவர்கள் உண்டு. இப்படி நெற்றித் தூசியைக்கூடத் துடைக்காமல் மலைத்து நின்றவர் யாருமில்லை. 

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

“நான் செஞ்ச தப்புக்கு, ஒரு நிஜ அலாரம் சும்மாவே மாட்டித் தரேன்.”

“சும்மாவா?” அவள் முகம் மாறியது. “இந்த வண்டியில ஒரு திருகாணிகூட யாரும் சும்மா குடுத்தது இல்ல. பாவம் பாக்கறவங்ககிட்ட எனக்குப் பேச்சும் இல்ல. நாளையிலேருந்து காவலும் வேண்டாம்.”

அவன் முகம் சுண்டிப்போனது. அவனுக்கும் மானம், ரோஷம் எல்லாம் உண்டுதானே. கார்க் கதவைத் திறந்தான்... மூடினான். திரும்பி வந்தான்.

“பாவம் பாத்துச் சொல்லலங்க. வேற எப்படி ஈடு கட்டறதுன்னு தெரியல. சரி... என் கடை வாசல்ல பெரிய சிவப்பு சைரன் பெட்டி ஒண்ணு இருக்கு. தெருவே பாத்துப் பயப்படும். அது காலிப் பெட்டி.”

“என்னது?”

“கடை திறந்த முதல் வாரம், மருந்துக் கடைக்காரர் ஒருத்தருக்கு அவசரமா தேவைப்பட்டுச்சு. உள்ள இருந்ததைக் கழட்டிக் குடுத்திட்டேன். அப்புறம் ஊருக்கெல்லாம் மாட்டவே நேரம் சரியா இருக்கு. இது எங்க அக்காவுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “உங்க ரகசியத்தை நான் வெளிய விட்டேன். என்னோடது இப்ப உங்க கையில. நாலு பேர் முன்னாடி சொல்லிடுங்க. சரிக்குச் சரி.”

போய்விட்டான். மறுநாள் வெள்ளைக் கார் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ‘வரவேண்டாம்னு சொன்னா நிஜமாவே வராம இருந்திடறதா...’ என்று ஒரு தையல் மெஷினிடம் கோபித்துக்கொண்டாள். மெஷின் என்ன செய்யும், பாவம்.

வேனைக் கூட்டும்போது சீட்டுக்கு அடியில் அவன் டெஸ்டர் கிடைத்தது. தொழில்காரரின் கருவியைத் திருப்பிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். அதற்காகத்தான் வாட்ச்மேனிடம் வழி கேட்டு அவன் கடைக்குப் போனாள். தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடையில் கூட்டம். கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண்தான் அக்கா என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஏணி மேல் நின்ற அவன், வாசலில் அவளைக் கண்டதும் ஒரு படி தவறினான்.

ஒரு பெரியவர் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். “அஞ்சு வருஷமா இந்தத் தெருவுலதான் இருக்கேன். உங்க வாசல் சைரன் ஒரு நாள் கத்தி நான் கேட்டதில்ல. உள்ள ஏதாவது இருக்கா, காலிப் பெட்டியா?”

“எங்க தம்பி கடையில காலிப் பெட்டியா?” அக்காவின் குரல் உயர்ந்தது. “டேய், ஏணியைக் கொண்டு போ. கழட்டிக் காட்டிடு.”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கண்கள் டெஸ்டரோடு நின்ற அவளிடம் வந்தன. கெஞ்சவில்லை. சொல்வதானால் சொல் என்றுதான் இருந்தன. அது அவளுக்குப் பிடித்திருந்தது... ரொம்பவே.

“ஐயா,” என்றாள் அவள். “இந்த அஞ்சு வருஷத்துல இந்தக் கடைக்குள்ள திருடன் வந்திருக்கானா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எதுக்குக் கத்தும்? திருடனைக் கிட்டயே வரவிடல. இதுக்கு மேல ஒரு அலாரம் என்ன செய்யணும்?”

பெரியவர் யோசித்தார், சிரித்துவிட்டார். “எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போடுங்க.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “யாரும்மா நீ?”

“மெஷின் டாக்டர்,” என்று டெஸ்டரைக் கல்லாவில் வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே நடந்தாள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. வேனுக்குள் ஏறியதும், டக் டக். இந்த முறை கண்ணாடி முழுக்க இறங்கியது.

“சொல்லியிருக்கலாமே... நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு.” மூச்சு வாங்கினான்.

“நம்ம வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னாடி சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது.”

மழை அவன் புருவத்திலிருந்து மூக்குக்கு இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

“நம்ம... வீட்டு...?”

அவள் பொத்தான் விளக்கைப் பார்த்தாள். கன்னம் அதைவிடச் சிவந்திருந்தது.

“எனக்கும் அன்னைக்கு மழையிலயே...” அவன் திணறினான். “லைட்டைப் பாக்கத்தாங்க வந்தேன். அப்புறம் கண்ணாடி ரெண்டு விரல் இறங்குச்சு. அதோட முடிஞ்சுது என் கதை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.” கடைப் பக்கம் ஒரு முறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “இதையும் யாருக்கும் சொல்லக்கூடாதா?”

அவள் சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

“பெட்டி விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க,” என்றாள். “இதைப் போய் உங்க அக்காகிட்டயே சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி... சத்தமா.”