ஆறு பேருக்குக் காற்று

தேனிக் கடையிலிருந்து கிளம்பும்போது நூற்றைம்பதில் நின்ற முள், அணைக்கட்டு பங்களாவின் பின்னறையில் காற்று சிலிண்டரை இறக்கி வைத்துப் பார்த்தபோது நூற்று முப்பதில் நின்றது. ஞானசிகாமணி மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நூற்று முப்பதுதான். வண்டியில் குலுங்கி வந்ததில் எங்கேயாவது கசிந்திருக்கும் என்று நினைத்து, வால்வைக் கை வலிக்க இறுக்கி மூடினார். அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது.

நேவியில் முக்குளிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து பம்புசெட் சாமான் கடை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். கிணறோ கண்மாயோ அணையோ, யார் விழுந்தாலும் கடை வாசலில் ஆள் வந்து நிற்கும். இதுவரை பதினான்கு பேரைக் கரையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஒருவருக்கும் உயிர் இல்லை. ஒவ்வொரு தடவையும் "இதோட விட்ருங்க" என்று சொல்லும் மனைவி ஞானபாக்கியம், இந்தத் தடவை துண்டை மடித்துக் கையில் கொடுத்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷக் கோடை அது. வருசநாட்டு மலையில் இலவங்காய் பறித்துவிட்டு ஆறு பெண்கள் தோட்டத்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தபோது, திடீரென்று பெய்த மழையில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் வந்துவிட்டது. டிரைவர் குதித்துத் தப்பினான். மழைக்காகப் பின்பக்கப் படுதாவை இழுத்துக் கட்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் குதிக்க முடியவில்லை. ஜீப்பை ஆறு அப்படியே உருட்டிக்கொண்டு போய் அணைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. இன்றோடு ஆறு நாள்.

பரிசல்காரர் சுருளிவேல் வந்து தரையில் குந்தினார். பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி ஜீப்பைக் கண்டுபிடித்துக் கயிறும் அடையாளத்துக்கு மிதக்கிற தகர டின்னும் கட்டிவைத்தது அவர்தான்.

"நாப்பது அடி ஆழம் அண்ணாச்சி. ஷட்டரு தொறந்திருக்கு, கீழ இழுப்பு சாஸ்தி. நாளைக்கு விடியவும் ஒரு மணி நேரம் அடைச்சுத் தாரோம்னு ஆபீசர் சொன்னாக."

"அப்ப நாளைக்கே எறங்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஞானசிகாமணி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆற்றையும் டின்னையும் ஜீப்பையும் வரைந்தார். அந்த ஆழத்தில் ஒரு ஆளுக்கு இந்தக் காற்று முப்பத்தைந்து நிமிஷம் வரும். ஏறுவதற்கும் ஆபத்துக்கும் ஒதுக்கினால் இருபது. இருபது நிமிஷத்தில் படுதாவை அறுத்து ஆறு பேரையும் கயிற்றில் கோர்க்க முடியாது. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. அடைத்த காற்று தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளக் கொச்சிக்குத்தான் போக வேண்டும்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"வெந்நி மாதிரி இருக்குண்ணாச்சி." சுருளிவேல் குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சூட்டுக்கு மூணா நாளே வாசம் வந்திருக்கணும். அங்கன ஒண்ணுமில்ல. இலவம்பஞ்சு மட்டும் மெதக்குது."

அவர் போன பிறகு ஞானசிகாமணி அறையைத் தாழிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் காய்ந்த சேற்றின் வாடையும், ஷட்டரில் தண்ணீர் விழும் ஓயாத இரைச்சலும், உத்திரத்தில் எங்கோ குளவி ஒன்று மண் வைத்துக் கூடு கட்டும் ரீங்காரமும் கலந்து அவரை மெல்ல மெல்லத் தூக்கத்துக்குள் அமுக்கிக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. ஒன்பது வருஷம் நேவியிலும் ஒன்பது வருஷம் இங்கேயும் தன் காதுக்குள்ளேயே கேட்டுப் பழகிய சத்தம். ரப்பர் வாய்க்கட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு ஆள் இழுக்கும் நீண்ட மூச்சு. கொஞ்சம் நிதானம். பிறகு இன்னொரு மூச்சு. அது முந்தைய ஆளின் மூச்சு இல்லை. அதைவிடச் சின்னது.

எழுந்து உட்கார்ந்தார். அறையில் யாரும் இல்லை. தாழ் போட்டபடி இருந்தது. வால்வும் மூடியபடி. திறந்து பார்த்தார்.

நூற்றைந்து.

சோப்பைக் கரைத்து வால்விலும் குழாயிலும் இணைப்புகளிலும் தடவி, தரையில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வாய்க்கட்டையைக் கையில் எடுத்தார். ஈரமாக இருந்தது. ரப்பரின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தார். வெற்றிலை, சுண்ணாம்பு, அதோடு கொஞ்சம் வண்டல்.

அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

நாளைக் காலைவரை காத்திருந்தால் சிலிண்டரில் என்ன மிஞ்சும் என்று யோசித்தார். பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது. இறங்குவதென்றால் இப்போதே இறங்க வேண்டும். சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. தண்ணீர் ஓரத்தில், ஆறு நாளாக இருந்த இடத்திலேயே மொக்கம்மாள் இருந்தாள். ஜீப்பில் போனவர்களிலேயே சின்னவளான ராஜமணி அவள் மகள்.

"ஆத்தா, போய் நெழல்ல ஒக்காரு" என்றார்.

"எம் மக இருட்டுன்னா பயப்படுவாய்யா" என்றாள் மொக்கம்மாள். "சீக்கிரம் கூட்டிட்டு வந்துரு."

பரிசலோடு நின்ற சுருளிவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்குன்னுதான சொன்னீக? ஷட்டரு தொறந்து கெடக்கே, இழுத்துட்டுப் போயிரும்."

"எதிர்த்துப் போகல. பரிசல்ல கொண்டுபோயி, டின்னுக்கு முன்னாலயே தண்ணி வர்ற பக்கமா என்னைய எறக்கிவிடும். இழுப்போடயே போயி ஜீப்பப் பிடிச்சுக்கிடுதேன். இடுப்புக் கயிற நீரு விட்றாதீரும்."

தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. இறங்கியதும் ஆறு அவரை இழுத்துக்கொண்டு போனது. வண்டல் கலந்த பழுப்பு வெளிச்சம் கருத்து, கருத்து, கடைசியில் டார்ச்சின் வட்டம் மட்டும் மிஞ்சியது. மீட்டர் தொண்ணூறு காட்டியது. மட்டையும் முள்ளும் பஞ்சும் உரசிக்கொண்டு கடந்தன. டின் கட்டிய கயிறு கைக்கு அகப்பட்டது. அதைப் பிடித்துக் கீழே போனார்.

ஜீப் நிமிர்ந்து நின்றது. சேற்றில் நான்கு சக்கரமும் பதிந்து, ரோட்டில் நிறுத்திய மாதிரி.

படுதா உப்பியிருந்தது. உள்ளே காற்று இருந்தால் உப்புகிற மாதிரி.

மீட்டரைப் பார்த்தார். அறுபது. அவர் மூச்சு இழுக்கவில்லை. அடக்கிக்கொண்டுதான் இருந்தார். முள் இறங்கியது. ஐம்பது. கொஞ்சம் நிதானம். நாற்பது.

திரும்பிவிடலாம் என்று தோன்றியது. மேலே கரையில் மொக்கம்மாள் இருந்தாள். கத்தியை எடுத்துப் படுதாக் கயிற்றை அறுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது முடிச்சு தானாகவே அவிழ்ந்தது.

டார்ச்சை உள்ளே காட்டினார்.

இரண்டு பக்கப் பலகையிலும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் மூன்று. வேலை முடிந்து திரும்பும் பெண்களைப் போல மடியில் கை, ஒருத்தி தோளில் இன்னொருத்தி தலை. ஆறு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இவர்கள் அப்படி இல்லை. கண்கள் மூடியிருந்தன. மார்புகள் ஏறி இறங்கின. மெதுவாக. ஆறும் ஒன்றாக.

அவர் மூச்சை இழுத்தார்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார். ரப்பர்தான் நாக்கில் ஒட்டியது. இடுப்புக் கயிற்றைப் பிடித்து உலுக்கினார். மேலே யாருமே பிடித்திருக்காத மாதிரி அது வளைந்து வளைந்து அவர் மேலேயே வந்து விழுந்தது.

ஓரத்தில் இருந்த சின்னப் பெண் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மிதந்த சேலையை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை இடித்து நகர்த்தி, பலகையில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.