பெருவிரலில் ஒரு கோடு

செவ்வாய்க்கிழமை காலை முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலது பெருவிரலைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடுவதைத் தவமலர் கண்டாள். நகத்துக்குச் சற்றுக் கீழே, யாரோ நூலால் இறுக்கிச் சுற்றிப் பிறகு அவிழ்த்து எடுத்த தடம் போலச் சிவந்திருந்தது. இடது பெருவிரலைப் பார்த்தாள். அதிலும் அதே உயரத்தில் இருந்தது.

காலைப் பார்ப்பது அவளுடைய காலை வேலைகளில் மூன்றாவது. முதலில் காய்ச்சல் பார்க்க வேண்டும், பிறகு உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், கடைசியாகச் சுவரில் விரல்களை ஏணிப்படி ஏற்றுவது போல ஏற்றி இடது கையை உயர்த்த வேண்டும். இடது மார்பை எடுத்து ஒன்பது மாதம். கடைசி மருந்து ஏற்றி மூன்று மாதம். உள்ளங்காலிலும் விரல் நுனிகளிலும் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. "கால் உங்களுக்கு ஒண்டும் சொல்லாது, அன்ரி. நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் கண்ணாலை பாக்கவேணும்" என்று கிளினிக்கில் நேர்ஸ் சொல்லியிருந்தாள்.

முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள் என்பதால் எதையும் எழுதி வைக்காமல் இருக்க அவளால் முடியாது. கொப்பியை எடுத்து எழுதினாள். காய்ச்சல் இல்லை. வாயில் புண் இல்லை. பெருவிரல் இரண்டிலும் கோடு. நோவில்லை. கடைசிச் சொல்லை எழுதியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தக் காலில் ஆணி ஏறினாலும் நோவாது.

பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் பயம், அழுகை, கோபம் எல்லாம் எங்கோ ஒதுங்கிவிட்டன. மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசை. இன்னும் இருபத்திரண்டு நாளில் மகன் கோகுலனுக்குக் கல்யாணம். கனடாவிலிருந்து அடுத்த கிழமை வருகிறான். மண்டப வாசலில் தன் சொந்தக் காலில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்க வேண்டும். கதிரையில் இருத்தி வைத்துக் காட்டுகிற நோயாளியாக இல்லாமல், மாப்பிள்ளையின் தாயாக. அதற்காகத்தான் காய்ச்சலும் காயமும் வராமல் இந்த உடம்பை முட்டையைப் பொத்தி வைப்பது போல வைத்திருந்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் படுக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. கொக்குவிலில் அந்த நேரம் ஊரே அடங்கிக் கிடக்கும். மதிலுக்கு வெளியே ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணி கூடக் கேட்காது. மூடிய யன்னலின் இடுக்கால் வெயில் ஒரு கோடாக வந்து சீமெந்துத் தரையில் விழுந்து மெல்ல மெல்ல நகரும். முன்பெல்லாம் தண்டவாளத்தில் கோச்சி வருவது காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். இப்போது அலுமாரிக்குள் கிளாசுகள் கிலுகிலுத்த பிறகுதான் தெரிகிறது.

அன்று எழும்பியபோது தலை ஈரமாக இருந்தது. நல்லெண்ணெய் மணம். அதற்குப் பின்னால் அரப்பின் கசந்த மணமும் தேசிக்காய் மணமும். அரை அங்குலம் முளைத்திருந்த முடியைத் தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைத்தான் மினுக்கமாகக் கண்டாள்.

கணவர் பரமலிங்கம் விறாந்தையில் கல்யாணக் காட்டுகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"முழுகினனீரோ?"

"இல்லையப்பா. இப்பதான் எழும்பி வாறன்."

"கிணத்தடியிலை சத்தம் கேட்டதே. நீர்தான் எண்டு நினைச்சன்" என்றவர், குனிந்து மீண்டும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் மெதுவாக, "பாட்டும் கேட்டது" என்றார். அவள் பாடி ஒரு வருடமாகிறது.

கொப்பியில் எழுதினாள். தலையில் எண்ணெய். நான் வைக்கவில்லை. மரத்த தன்மை கணுக்கால் வரை.

புதன்கிழமை தையற்காரப் பிள்ளை ஜெசிதா ஒரு பையோடு வந்தாள். கல்யாணத்துக்கு உடுக்கும் பட்டுச் சாறியின் சட்டை தைத்து முடிந்துவிட்டது என்று சொல்லி எடுத்து விரித்தாள். தவமலர் அதைப் பார்த்தபடி நின்றாள். அளவு கொடுக்க அடுத்த கிழமை போவதாக இருந்தாள். அதை எப்படிச் சொல்வது, ஒரு பக்கம் இல்லாததை அந்தச் சின்னப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று பத்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆற்றை அளவுக்குத் தைச்சனீர்?"

"உங்கடை அளவுக்குத்தான். திங்கக்கிழமை மத்தியானம் நீங்கள்தானே வந்தனீங்கள், அன்ரி?"

"நான் படலைக்கும் போகேல்லை, பிள்ளை."

ஜெசிதா பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். "நாடாவை வைச்சு நான்தானே எடுத்தனான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நீங்கள் கூட, பின்னலை முன்னாலை எடுத்துப் போட்டுக்கொண்டு..." என்று சொல்லிக்கொண்டே போனவளின் கண் தவமலரின் தலைக்கு வந்தது. பிறகு மார்புக்கு வந்தது. சிரிப்பு நின்றது. காசும் வாங்காமல் போய்விட்டாள்.

சட்டையைக் கட்டிலில் விரித்து வைத்துத் தவமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய்க்கு முந்திய அவளுடைய உடம்பு அதற்குள் அப்படியே இருந்தது. கோயிலில், கடையில், தொலைபேசியில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கவலைப்படாதை, பழைய தவமலர் திரும்பி வந்திடுவாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளும் தலையாட்டி வைத்தாள். வருகிறவள் வந்தால், தான் எங்கே போவது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மரத்த தன்மை முழங்கால் வரை, என்று வியாழக்கிழமை எழுதினாள்.

வெள்ளிக்கிழமைகளில் கணவரின் தமக்கை சிவக்கொழுந்து மச்சாள் வட்டுக்கோட்டையிலிருந்து இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் குளிப்பாட்டி, உடுத்தி விடுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை கூசாத மனுசி. தவமலருக்குத் தலைமயிர் கொட்டிய நாட்களில் வாந்தி அள்ளியவரும் அவர்தான். கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வழக்கம் போலக் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். பெருவிரலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஆர் கட்டினது?"

"என்னத்தை, மச்சாள்?"

"எத்தினை பேருக்கு நான் ரெண்டு பெருவிரலையும் சேத்துக் கட்டியிருக்கிறன். அந்தத் தடம் எனக்குத் தெரியாதே?"

மச்சாள் காலை மெதுவாகக் கட்டிலில் வைத்தார், அது தூங்குகிற பிள்ளை என்பது போல. பிறகு தலையைப் பார்த்தார்.

"நேற்று மருதனார்மடச் சந்தையிலை உன்னைக் கண்டனான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போறாய். பின்னாலை இடுப்பு மட்டும் பின்னல். டோப்பாப் போட்டிருக்கிறாய் எண்டு நினைச்சன். என்ரை பிள்ளை நடக்கிற நடையைப் பார், பழைய ஆளாய் வந்திட்டாள் எண்டு ஆஞ்சநேயருக்கு ஒரு தேங்காயும் உடைச்சனான்."

"நான் நேற்று எங்கையும் போகேல்லை."

"அப்ப நீ ஆர்?"

அதை அவர் அன்பில்லாமல் கேட்கவில்லை. அதுதான் தவமலருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மச்சாள் சேலைத் தலைப்பால் தன் கைகளைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்கள் போல, போயிட்டு வாறன் என்று சொல்லாமலே படலையைத் தாண்டினார்.

சனிக்கிழமை படுப்பதில்லை என்று முடிவு செய்தாள். தலையணையை நிமிர்த்திச் சுவரோடு சாய்ந்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் கோடு தரையில் நகர்ந்தது. எங்கோ ஒரு காகம் இரண்டு முறை கத்திவிட்டு நிறுத்தியது. குசினியில் குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தம், விறாந்தையில் பரமலிங்கம் காட்டுகளை உறையில் போடுகிற சரசரப்பு, தன்னுடைய மூச்சு, இந்த மூன்றையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு இருந்தவளுக்கு எந்தக் கணத்தில் கண் செருகியது என்று தெரியாது. விழித்தபோது வெயில் கோடு சுவரில் ஏறியிருந்தது. அவள் சாய்ந்திருக்கவில்லை. நேராக, மல்லாந்து கிடந்தாள்.

விறாந்தையிலிருந்து பரமலிங்கம் கூப்பிட்டார். "தவம், ஒரு தேத்தண்ணி தாருமன்."

வாயைத் திறக்கப் பார்த்தாள்.

"ஓம், வாறன்" என்றது குசினி.

அவளுடைய குரல். மருந்து கரகரப்பாக்குவதற்கு முந்திய குரல். அடுப்பில் கேத்தில் வைக்கிற சத்தம். கரண்டி கிளாசில் தட்டுகிற சத்தம், மூன்று தரம், அவள் தட்டுவது போலவே. பிறகு பரமலிங்கத்தின் சிரிப்பு. ஒன்பது மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

எழும்ப வேண்டும்.

கால் வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பெருவிரலும் சேர்ந்திருந்தன. வெள்ளைச் சீலைக் கிழிசல். இறுக்கமான முடிச்சு. கையை அதை நோக்கி அனுப்பினாள். கை மார்பின் மேல் கிடந்தது. கிடந்தபடியே கிடந்தது. மரத்த தன்மை எதுவரை என்று எழுத வேண்டும். கொப்பியைக் காணவில்லை.

இஞ்சாருங்கோ.

வாய் திறக்கவில்லை. நாடியைச் சுற்றி உச்சந்தலை வரை ஒரு கட்டு.

இஞ்சாருங்கோ அப்பா. நான் இஞ்சை.

கதவு திறந்தது. பரமலிங்கம் வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். அவருக்குப் பின்னால் பட்டுச் சாறியின் சரசரப்பு. அவருடைய தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. சதைப்பிடிப்பான, மருந்தால் நகம் கறுக்காத கை. அவர் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அவளுடைய தலையில் எண்ணெய் வைத்தார். ஒருதரம். இரண்டுதரம். மூன்றுதரம். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது.

"பாவம், சரியாக் கஷ்டப்பட்டவள்" என்றார்.

"ஓம்" என்றது அவளுடைய குரல், அழுகிற குரலில். "ஆனால் இப்ப ஆருக்கும் சொல்ல வேண்டாமப்பா. செத்த வீட்டுத் துடக்கு எண்டால் பிள்ளையின்ரை கல்யாணம் நிண்டுபோம். சொல்ல என்ன இருக்கு? நான் இருக்கிறன்தானே."

பரமலிங்கம் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

குனிந்து, உள்ளங்கையால் அவளுடைய இமைகளை மூடினார். கையின் சூடு தெரியவில்லை. பாரம் தெரியவில்லை. இருட்டு மட்டும் தெரிந்தது.

திறந்தாள்.

அவர் அவளை நேரே பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி மூடினார்.

திறந்தாள்.

"நிக்குதில்லை" என்றார், தோளுக்கு மேலால்.

"கொஞ்ச நேரம் பொத்திப் பிடியுங்கோ" என்றது குரல். அவர் கட்டிலில் அமர்ந்து, பொறுமையாக, மெதுவாகத் தன் கையை அவளுடைய கண்களின் மேல் வைத்து அப்படியே வைத்திருந்தார்.